தீம் பார்க் கேள்விகள்: முதலில் பிள்ளையை அளங்கள், அப்புறம் டிக்கெட்

டிசம்பர் விடுமுறைக்கு இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள், நல்லது. தோக்கியோ, ஹாங்காங், சிங்கப்பூர், ஜொகூர், இந்த நான்கு பக்கமும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்கா என் பக்கம் இல்லை. விமான டிக்கெட் எந்த மாதம் விலை இறங்கும் என்று கேட்டால் ஜோசியரிடம்தான் அனுப்புவேன். இன்னொன்று, பிள்ளைகளின் வயதை மட்டும் எழுதாதீர்கள். உயரத்தையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள், பல ரைடுகளில் உயரத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: அக்கா, நாங்கள் ஐந்து பேர். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5, மாமியாருக்கு 68. டிசம்பரில் தோக்கியோ டிஸ்னி போக ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

உயரம் எழுதவில்லை. சரி, முதல் ஆள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கடப்பிதழில் ஆரம்பியுங்கள். ஐந்தையும் மேசையில் பரப்பி வைத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 200 வெள்ளி, 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கும் 60 தாண்டியவர்களுக்கும் 100 வெள்ளி. பள்ளி விடுமுறை நெருங்க நெருங்கக் குடிநுழைவுத் துறையில் வரிசை நீளும். சிப் உள்ள நம் மலேசியக் கடப்பிதழுக்கு ஜப்பானில் 90 நாள் வரை விசா தேவையில்லை, அந்தக் கவலை வேண்டாம்.

அடுத்தது லீவு. கணவன் மனைவி இருவருக்கும் எழுத்தில் கிடைத்த பிறகுதான் விமான டிக்கெட். ஹோட்டலைப் பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய வகையில் போட்டு வையுங்கள். பூங்கா டிக்கெட் கடைசியில்தான் வரும், ஏனென்றால் தோக்கியோ டிஸ்னியில் போகும் தேதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் விற்பனையே திறக்கும். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பிள்ளைக்கு மிக்கி காது தலைப்பட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் லீவு கேட்கப் போவார்கள்.

தேதி: 2026 முதல் நம் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டதால் பெரிய விடுமுறை டிசம்பரில். ஜப்பானியப் பிள்ளைகளுக்குக் குளிர்கால விடுமுறை கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் தொடங்கும். ஆகவே டிசம்பர் முற்பாதியில் ஒரு வார நாளைப் பிடியுங்கள். கிறிஸ்துமஸ் அலங்காரம் முழுக்க இருக்கும், கூட்டம் கொஞ்சம் தாங்கும். 23க்கு மேல் போனால் தலைகளைத்தான் பார்ப்பீர்கள். டிக்கெட் விலையும் நாளுக்கு நாள் மாறும். 2023 அக்டோபரில் பெரியவர்களுக்கு உச்ச விலை 10,900 யென் ஆனது. கூட்டமான நாளுக்குத்தான் அந்த விலை.

அங்கே இரண்டு பூங்கா, டிஸ்னிலாந்து, டிஸ்னிசீ. வாசலும் வேறு, டிக்கெட்டும் வேறு. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம் என்று கனவு காணாதீர்கள். 5 வயதுப் பெண்ணுக்கு லாந்து, 9 வயதுப் பையனுக்கு சீ என்று ஆளுக்கொரு நாள் வையுங்கள். டிஸ்னிசீயில் இந்தியானா ஜோன்ஸ் ரைடுக்கும் பூமியின் மையத்துக்குப் போகும் ரைடுக்கும் 117 செ.மீ. வேண்டும். டவர் ஆஃப் டெரர், சோரிங், பீட்டர் பான் மூன்றுக்கும் 102. 2024 ஜூன் 6இல் திறந்த ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் பகுதியில் ஃப்ரோசன், ரபுன்சல் இரண்டுக்கும் உயரக் கட்டுப்பாடே இல்லை, மகளுக்கு அது போதும்.

அளக்கும்போது வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நிறுத்தி அளங்கள். ரைடு வாசலில் ஊழியர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துத் தலை உச்சியைத்தான் பார்ப்பார், கொண்டை கணக்கில் சேராது. 116 செ.மீ. பையன் ஒருவனைக் குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்லி அப்பா கண்ணைக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊழியர் சிரித்துக்கொண்டே குனிந்து பையனின் குதிகாலை விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான், அழுகை. டிசம்பருக்குள் பிள்ளை எத்தனை வளரும் என்று பார்த்து, எட்டாத ரைடைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்காதீர்கள்.

மாமியாருக்கு: வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்னிசீ தோக்கியோ விரிகுடா ஓரத்தில் இருக்கிறது. டிசம்பர் சாயங்காலம் கடல் காற்று எலும்பைத் தொடும். காதை மூடும் தொப்பி அவசியம்.

கிள்ளான்: வாட்ஸ்அப்பில் ஒருவர் டிசம்பர் தோக்கியோ டிஸ்னி டிக்கெட்டை இப்போதே பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

விற்பனையே திறக்காத டிக்கெட் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று அவரிடமே கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

செந்தூல்: நாங்கள் சைவம். புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

கட்டிக்கொண்டு போகலாம், தோக்கியோ டிஸ்னி உள்ளே உட்கார்ந்து சாப்பிட விடமாட்டார்கள். கைக்குழந்தை சாப்பாட்டுக்கு மட்டும் தடை இல்லை. வாசலுக்கு வெளியே பிக்னிக் இடம் வைத்திருக்கிறார்கள், அங்கே சாப்பிட்டுவிட்டு அன்றைக்குள் மறுபடி உள்ளே வரலாம். ஆனால் மதியம் வெளியே வந்து திரும்பினால் ஒரு மணி நேரம் போய்விடும். காலையில் கதவு திறக்கும் முன் வரிசையில் நிற்கும்போதே பசியாறிவிடுங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். உள்ளே வெஜிடபிள் என்று எழுதியிருப்பதை நம்பி சூப் வாங்காதீர்கள், ஜப்பானியச் சாறில் மீன் சாரம் இல்லாமல் இருப்பது அபூர்வம். பாப்கார்ன் வண்டிகள் மூலைக்கு மூலை நிற்கும், பிள்ளைகள் அதிலேயே நாளை ஓட்டிவிடுவார்கள்.

சாப்பாடுதான் பெரிய கவலை என்றால் சிங்கப்பூர் போங்கள். யூனிவர்சல் பூங்கா இருக்கும் செந்தோசா தீவிலிருந்து வெளியே வந்து ஹார்பர்ஃப்ரண்டில் ரயில் ஏறினால் அதே தடத்தில் லிட்டில் இந்தியா. இலை போட்டுச் சாப்பிடலாம்.

ஜோர்ஜ்டவுன்: சிங்கப்பூர் யூனிவர்சல், பையனுக்கு 8 வயது. எல்லா ரைடும் ஏறலாமா?

வயதைக் கேட்டேனா? மம்மி ரைடுக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டரில் சைலான் தடத்துக்கு 125, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. அளந்து பாருங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். அது இலவசம். கூகுளில் தேடினால் முதலில் வரும் சில தளங்கள் காசு கேட்கும். காசு கேட்டால் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

சுபாங்: 4, 7 வயதுப் பிள்ளைகள். தோக்கியோவா, லெகோலாந்தா?

லெகோலாந்து, யோசிக்கவே வேண்டாம். 2 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளை நினைத்து ஜொகூரில் கட்டியது, உங்கள் இரண்டும் அதற்குச் சரியான வயது. 2012 செப்டம்பரில் திறந்தது, அடுத்த வருடம் நீர்ப் பூங்காவும் சேர்ந்தது. காரில் போகப் பிடிக்காதவர்களுக்கு இப்போது ஜொகூர் பாரு வரை இடிஎஸ் மின்ரயில் ஓடுகிறது.

ஒரே எச்சரிக்கை, நம் விடுமுறையை மட்டும் பார்த்துத் தேதி போடாதீர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதமும், நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய விடுமுறை. அவர்களும் அங்கேதான் வருவார்கள். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் வார இறுதி சனி, ஞாயிறு ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமைக் கணக்கு இனி வேண்டாம்.

பூச்சோங்: டிசம்பர் தோக்கியோ டிக்கெட் எப்போது வாங்கலாம்?

மேலே இருக்கிறது.

செந்தூல், வேறொருவர்: தீபாவளி வாரத்தில் தோக்கியோ போனால் என்ன? கணவருக்கு அப்போதுதான் லீவு தருகிறார்கள்.

இன்றைக்கு வந்ததில் இதுதான் கேள்வி. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. திங்கள் மாற்று விடுமுறை. செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கே நாள் லீவு போட்டால் அடுத்த ஞாயிறு வரை கையில் இருக்கிறது. ஜப்பானில் நவம்பர் 3 ஒரு விடுமுறை, அதை விட்டால் 23தான். இடைப்பட்ட வார நாட்கள் சாதாரண நாட்கள். குளிரும் டிசம்பர் அளவுக்கு இல்லை, ஒரு ஸ்வெட்டர் போதும். பிள்ளைகளுக்குப் பள்ளி சில நாள் போகும், வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தைப்பிங் மாமா ஒருவர்: பண்டிகை நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு எலியைப் பார்க்கப் போவதா? முதல் நாள் படையலை யார் போடுவது? நீங்களும் இதற்கு வழி சொல்லிக் கொடுக்கிறீர்களே.

மாமா, கூட்டம் குறைவு என்றுதான் சொன்னேன், பண்டிகையை விடச் சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸ்: மாமா, அந்தப் படையலைச் சமைப்பது யார்? இரண்டு வாரம் முறுக்கு பிழிந்து, அன்றைக்குக் காலையிலிருந்து ராத்திரி வரை வருகிறவர்களுக்குத் தண்ணீர் கலக்கி, நான் புதுச் சேலை கட்டும்போது மணி நாலு. எனக்கு எலியே போதும்.

தைப்பிங் மாமா: அப்படியானால் வீட்டு ஆம்பிளைகளை அடுப்படிக்கு இழுங்கள். ஊரை விட்டு ஓடினால் வேலை உங்கள் மாமியார் தலையில் விழும்.

மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது, என்னைத் திட்டாதீர்கள்.

சுங்கை பட்டாணி: எங்கள் அம்மா போன பிறகு தீபாவளிக்கு வீட்டில் இருக்கவே முடியவில்லை. அன்றைக்கு வேறு ஊரில் இருந்தால் தப்பா அக்கா?

தப்பே இல்லை தங்கச்சி. போய் வாருங்கள். மாமாவும் ஒன்றும் சொல்லமாட்டார்.

மற்றவர்களுக்கு என் வழி இது. சனிக்கிழமை படையல் போடுங்கள். ஞாயிறு எண்ணெய்க் குளியல், இட்லி, கோழிக் கறி, கோயில், பெரியவர்களிடம் ஆசீர்வாதம், சாயங்காலம் வரை வீட்டுக்கு வருகிறவர்கள். ராத்திரி கேஎல்ஐஏ விமான நிலையத்தில் தோக்கியோ விமானம் ஏறினால் ஏழு மணி நேரம், திங்கள் காலை இறங்கிவிடலாம். நரிதாவிலிருந்தும் ஹனேடாவிலிருந்தும் டிஸ்னிக்கு நேராகவே பஸ் இருக்கிறது, பெட்டியோடு ரயில் மாற வேண்டாம். அன்று ஓய்வு, செவ்வாயும் புதனும் பூங்கா. திறந்த இல்ல உபசரிப்பைத் திரும்பி வந்து வையுங்கள், நம் ஊரில் அது மாதம் முழுக்க நடக்கிறதுதானே. பினாங்குக்காரர்கள் மட்டும் மத்தியானமே கிளம்ப வேண்டும்.

செவ்வாய் நவம்பர் 10க்கு டிக்கெட் செப்டம்பர் 10 வாக்கில் திறக்கும், ஜப்பானில் மதியம் 2 மணி, நமக்கு 1 மணி. ஆனால் அந்த ஞாயிறு ராத்திரி விமானத்தை இப்போதே பாருங்கள். இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு இதே யோசனைதான் ஓடும்.

பிரிக்பீல்ட்ஸ்: அப்போதும் முறுக்கு நான்தானே பிழிய வேண்டும்?

கடையில் வாங்குங்கள் அம்மா. யாருக்கும் தெரியாது.

தைப்பிங் மாமா: தெரியும்.

ராவாங்: டிசம்பர் டிக்கெட் எப்போது திறக்கும்?

இரண்டு மாதம் முன்னால். மதியம் 1 மணி. இனி இதைக் கேட்டால் பதில் வராது.

செராஸ்: கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்?

திறந்தவெளிப் பூங்கா, மலை உச்சி. மழை பெய்தால் ரைடு நிற்கும். வார நாளில் காலையிலேயே ஏறுங்கள். பிள்ளையை அளந்துவிட்டு.

பாயான் லெப்பாஸ்: ஆர்லாண்டோ டிஸ்னிக்கு அடுத்த வருடம் போக எண்ணம்.

அமெரிக்க விசா நேர்காணல் தேதியை முதலில் வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அங்கே வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேனை டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும், மற்றவர்கள் 3 நாள் முன்பும் பதியலாம். மீதியைப் போய் வந்தவர்களிடம் கேளுங்கள்.

தைப்பிங் மாமா: சரி, பேரப்பிள்ளைகள் ஹாங்காங் ஹாங்காங் என்கிறார்கள். முட்டி வலிக்காரன் அங்கே எவ்வளவு நடக்கணும்?

மாமா! டிஸ்னி பூங்காக்களில் அது சிறியது, நடை தோக்கியோவைவிடக் குறைவு. சன்னி பே நிலையத்தில் மாறினால் பூங்கா வாசல் வரை தனி ரயில், சன்னலே மிக்கி தலை வடிவத்தில் இருக்கும். உள்ளேயும் பூங்காவைச் சுற்றி ஒரு ரயில் ஓடும், அதில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளை அப்பா அம்மாவோடு அனுப்பிவிடுங்கள். ஃப்ரோசன் பகுதி 2023 நவம்பரில் திறந்தது, பேத்தி அங்கேதான் இழுப்பாள். பேரன் கிரிஸ்லி மலை ரயிலுக்கு அழுதால் 112 செ.மீ. வேண்டும், ஆர்சி ரேசருக்கு 120. மூத்தவர்களுக்கு டிக்கெட் விலை மிகக் குறைவு, வயதைக் காட்டக் கடப்பிதழைக் கையில் வைத்திருங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை புயல் காலம், அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை, இரண்டையும் தவிர்த்துவிட்டால் நவம்பர் நல்ல மாதம். தீபாவளிக்கு அப்புறம்தான் சொல்கிறேன்.