அவள் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: மகோதோ ஷின்காயின் '5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை நாலு முறை பார்த்துவிட்டேன். கடைசியில் அந்த ரயில்வே கேட்டில், பள்ளித் தோழன் தகாகி திரும்பிப் பார்த்தும் அகாரி நிற்காமல் போனது மனதைப் போட்டுப் பிசைகிறது. எனக்கும் பள்ளியில் ஒரு தோழி இருந்தாள், பேசிப் பத்து வருடம் ஆகிறது. இப்போது மெசேஜ் அனுப்பலாமா? (பெயர் வேண்டாம், வயது 26)

பதில்: தம்பி, 63 நிமிடப் படம்தான், ஆனாலும் நாலு முறை கொஞ்சம் அதிகம்! 2007-ல் வந்த படம். முதல் தடவை பார்த்தபோது, இரண்டு ரயிலும் கடந்துபோய் அந்தப் பக்கம் ஆளே இல்லை என்றதும் எனக்கும் அகாரி மேல்தான் கோபம் வந்தது. அப்புறம் பார்க்கப் பார்க்க அந்தக் கோபம் தகாகி பக்கம் திரும்பிவிட்டது.

முதல் பகுதியை நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று வயதுத் தகாகி, ஊர் மாறிப் போன அகாரியைப் பார்க்க டோக்கியோவிலிருந்து தொச்சிகி பக்கம் ரயில் மாறி மாறிப் போகிறான், பனி கொட்டுகிறது, நடுவழியில் ரயில் மணிக்கணக்கில் நிற்கிறது, ஏழு மணிக்குப் போய்ச் சேர வேண்டியவன் பதினொன்று தாண்டி இவாஃபுனே ஸ்டேஷனில் இறங்கினால், அவள் அடுப்புப் பக்கத்தில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு தலை குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வழியில் ஒரு பிளாட்பாரத்தில் சூடாக ஏதாவது குடிக்கலாம் என்று பாக்கெட்டில் கை விட்டபோது, அவளுக்கு எழுதி வைத்திருந்த கடிதம் காற்றில் பறந்துவிட்டது. அதை அவன் அவளிடம் சொல்லவே இல்லை. அவளும் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள், கொடுக்கவில்லை. எனக்கு இந்தப் படத்தில் வலிக்கிற இடம் இதுதான். ரயில்வே கேட் இல்லை.

அகாரி அந்தப் பழைய கடிதத்தை வளர்ந்த பிறகு கண்டெடுக்கிறாள், அந்த இரவை நினைத்துக்கொள்கிறாள், விரலில் நிச்சய மோதிரம் இருக்கிறது. அவ்வளவுதான், அவள் மறக்கவில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. தகாகி என்ன செய்தான்? இரண்டாவது பகுதியில், அவன் குடிபோன தானெகஷிமா தீவில் பள்ளி முடிந்து கனாயே என்ற பெண் அவனோடு சேர்ந்து வீடு திரும்புவதற்காகவே காத்திருக்கிறாள், அவனோ போனில் யாருக்கும் அனுப்பாத மெசேஜை டைப் செய்துகொண்டு நிற்கிறான். அது தனக்கு வரக்கூடாதா என்று அந்தப் பெண் ஏங்குகிறாள். ஒரு மாலை அவள் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போக, இவனும் கூடவே நடக்கிறான், அவள் தாங்காமல் அழுதுவிடுகிறாள், அந்த நேரம் பார்த்து அந்தத் தீவின் ஏவுதளத்திலிருந்து ராக்கெட் கிளம்புகிறது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அவளுக்கு அப்போதே புரிந்துவிடுகிறது, இவன் தன்னைப் பார்க்கவே இல்லை என்று. சொல்ல வந்ததைச் சொல்லாமலே போகிறாள்.

சரி, உங்கள் விஷயம். தாராளமாக மெசேஜ் அனுப்புங்கள். இரண்டு வரி போதும்: எப்படி இருக்கிறாய், என்ன செய்கிறாய். இந்தப் படத்தைப் பற்றியோ பத்து வருட ஏக்கத்தைப் பற்றியோ தயவுசெய்து எழுதாதீர்கள், பாவம், அவளுக்கு அந்தப் பாரம் எதற்கு? பதில் வந்தால் பேசுங்கள், வராவிட்டால் இன்னொரு முறை தட்ட வேண்டாம்.

ஐந்தாவது முறை படம் பார்ப்பதாக இருந்தால், இரண்டாவது பகுதியை மட்டும், கனாயே முகத்தை மட்டும் பாருங்கள். இந்தப் பத்து வருடத்தில் உங்கள் பக்கத்தில் அப்படி யாராவது நின்றார்களா என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.