கல்லைப் படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு ஏ.ஐ. சீட்டு எதற்கு?

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, 600-க்கு 512 மதிப்பெண். வீட்டில் இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம், மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறார்கள், கிணற்றில் தண்ணீர் இருக்கிற வருடம் சின்ன வெங்காயம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்' சீட்டுக்குப் பெரியப்பா பேசி வைத்திருக்கிறார். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து நாலு வருடத்துக்கு 12 லட்சம். நிலத்தை அடமானம் வைத்தால்தான் முடியும். பெண் ஜியாலஜிதான், அதாவது நிலவியல்தான் படிப்பேன் என்கிறாள். "கல்லு மண்ணைப் படிச்சு என்ன பண்றதுங்க, சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க, நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்று கடிதம் முடிகிறது.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது, வீட்டில் முதல் பட்டதாரி வரப்போகிறபோது யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் மகளுக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் பணம். 12 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 16,500 ரூபாய் தவணை வரும். படிக்கிற காலத்தில் ஏறுகிற வட்டியையும் சேர்த்தால் 20,000-ஐத் தாண்டும். படிப்பு முடித்த பெண் வேலைக்குப் போன முதல் மாதத்திலிருந்து இதைக் கட்ட வேண்டும், வேலை தள்ளிப் போனால் நீங்கள் கட்ட வேண்டும், மழை பொய்த்தால் நிலம் போகும். அவள் உயிரைக் கொடுத்துக் கேட்கிற படிப்பாக இருந்தால்கூட இந்தக் கணக்கை நான் இரண்டு முறை போட்டுப் பார்க்கச் சொல்வேன். அவள் கேட்கவே கேட்காத படிப்புக்கு நிலத்தை வைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசப் போவதில்லை.

கம்ப்யூட்டர் படிப்பு மோசம் என்று சொல்ல வரவில்லை, கணக்கிலும் புரோகிராமிலும் பைத்தியமாக இருக்கிற பிள்ளைகள் அதைத்தான் படிக்க வேண்டும். உங்கள் பெண் அப்படியா? கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: காரை கிராமத்து ஓடைப் பக்கம் பொறுக்கிய சுருள் கல்லையெல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, எந்த இடத்தில் என்றைக்கு எடுத்தது என்று சீட்டு எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள், வீடெல்லாம் குப்பை என்று. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தச் சீட்டுதான். கல் பொறுக்குவது எல்லாப் பிள்ளைகளும் செய்வது. எங்கே, என்றைக்கு என்று எழுதி வைக்கிற பழக்கம் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களுக்குக் கல்லூரியில் அடித்துச் சொல்லித் தருகிற முதல் பாடம். உங்கள் மகளுக்கு அது யாரும் சொல்லாமலே வந்திருக்கிறது.

அந்தச் சுருள் கல் அம்மோனைட். கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிர். உங்கள் ஊரும் அரியலூரும் டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடலுக்கடியில் கிடந்தவை, அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் அரியலூர் சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. சாத்தனூர் கல்மரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள், 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வருடப் பழசு. அதை 1940-இல் உலகுக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர். 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சொன்னபோது ஊரே பேசியது. உலகத்தில் பல மாணவர்கள் படத்தில் பார்க்கிற பாறையை உங்கள் மகள் பஸ் ஏறிப் போய்த் தொட்டுப் பார்க்கிறாள்.

சரி, பழங்கதை சோறு போடுமா என்று பெரியப்பா கேட்பார். கடந்த இரண்டு மூன்று வருடச் செய்திகளை அவரைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அரிட்டாபட்டி நினைவிருக்கிறதா? மதுரை மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம், 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது, ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள், டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரியில் ஏலமே ரத்து. மொத்தத் தொகுதி 20.16 சதுர கிலோமீட்டர், அதில் 1.93 சதுர கிலோமீட்டர்தான் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்துக்குள் வருகிறது என்று மத்திய அரசு சொன்னது, எல்லையைத் திரும்பப் பார்க்கும்படி நிலவியல் ஆய்வுத் துறையைக் கேட்டது. பூமிக்கு அடியில் தாது எதுவரை ஓடுகிறது, எந்தக் கிராமம் கோட்டுக்கு உள்ளே, எது வெளியே என்று வரைபடம் போடுவது ஜியாலஜி படித்தவர் வேலை. சுரங்கம் வேண்டும் என்கிறவருக்கும் அவர் தேவை, வேண்டாம் என்று போராடுகிற ஊருக்கும் அந்த வரைபடத்தைப் படித்துக் கேள்வி கேட்க ஓர் ஆள் தேவை. நம் ஊர்களில் இரண்டாவது ஆள் அநேகமாக இருப்பதே இல்லை, அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இந்தச் சண்டை இன்னும் பெரிதாகும். பேட்டரிக்கு லித்தியம், காந்தத்துக்கு அருமண் தனிமங்கள் என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். சீனா 2025 ஏப்ரலில் சில அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் கார்த் தொழிற்சாலைகள் தடுமாறின. நம் அரசு அதே வருடம் ஜனவரியில் 16,300 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அரிய கனிமங்களுக்கென்று ஒரு தேசியத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. செப்டம்பரில் இந்தக் கனிமங்களை வெட்டும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. என்னைக் கேட்டால் அந்த விலக்கு தப்பு, நிலத்துக்காரரைக் கேட்காமல் நிலத்தைத் தோண்டக்கூடாது. ஆனால் அதை எதிர்த்தாலும் ஆதரித்தாலும் பாறை தெரிந்த ஆள் வேண்டும்.

வயநாடு இன்னொன்று. 2024 ஜூலை 19-ஆம் தேதி கொல்கத்தாவில் நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறந்தார்கள், ஜூலை 30-ஆம் தேதி விடியும் முன்பே வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் போய்விட்டன. எச்சரிக்கை வந்ததா, வரவில்லையா என்று டெல்லியும் திருவனந்தபுரமும் மோதிக்கொண்டன. இந்த முன்னறிவிப்பு வேலையை முதலில் சோதித்துப் பார்த்த இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று. சரிவின் மண் எவ்வளவு ஆழம், அடிப்பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு மழையில் நழுவும் என்று மலையில் ஏறி அளந்து வைத்தால்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போட முடியும். பெரியப்பா சொல்கிற ஏ.ஐ.க்கும் அங்கே வேலை இருக்கிறது, ஆனால் அதற்குத் தீனி போடுகிற அளவு மலையிலிருந்துதான் வர வேண்டும்.

நிலாகூட விதிவிலக்கில்லை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்று ஒரு பாறை இருக்கிறது, நிலாவின் மேட்டுநிலப் பாறைக்கு ஒத்தது. அதை அரைத்துத்தான் இஸ்ரோ சோதனைக்கான செயற்கை நிலா மண்ணைச் செய்தது. பிறகு சந்திரயான்-3 இறங்கி, பிரக்யான் வண்டி சுமார் 100 மீட்டர் ஊர்ந்து 23 இடங்களில் மண்ணை அளந்தது. ஆதியில் நிலா முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு வலுச் சேர்க்கிற முடிவுகள் 2024 ஆகஸ்டில் வந்தன.

இனி படிப்பு. மருத்துவத்துக்கும் இன்ஜினியரிங்குக்கும் வழி சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். பி.எஸ்சி. ஜியாலஜி தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணுகிற கல்லூரிகளில்தான் இருக்கிறது: சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி போன்றவை. அரசுக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும், அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். திருச்சி உங்களுக்குப் பக்கம், ஆனால் அங்கே அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள், கட்டணத்தில் வித்தியாசம் உண்டு.

முதல் வருடத்திலிருந்தே கையில் வேலை இருக்கும். பாறையில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் சுண்ணாம்புக்கல் பொங்கும், டாலமைட் சும்மா கிடக்கும், அதையே பொடியாக்கி விட்டால் மெல்லப் பொங்கும். காம்பஸை வைத்து அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை டிகிரி சாய்கிறது என்று அளந்து நோட்டில் எழுத வேண்டும். அப்புறம் ஆய்வகத்தில் கல்லை மெல்லிய துண்டாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ப்பார்கள். அந்தக் கனத்தில் கருங்கல்கூட ஒளியை உள்ளே விடும். மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் தட்டைச் சுழற்றினால் சாம்பல் நிறக் குவார்ட்ஸ் அணைந்து அணைந்து எரியும், ஃபெல்ஸ்பார் கறுப்பு வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும், ஆலிவின் நீலமும் ரோஜாவுமாக மின்னும். இதைப் பார்த்து நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை இந்தப் படிப்பில் தேறிவிடும்.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் பெரிய வேலை கிடைக்காது. ஐந்து வருடம் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடம் ஜாம் தேர்வு எழுதினால் பம்பாய், கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களிலும் தன்பாத்திலும் எம்.எஸ்சி. படிக்கலாம். இங்கேயே சென்னை, அண்ணாமலை, பெரியார் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அதன் பிறகு யு.பி.எஸ்.சி. நடத்துகிற ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு, பெரும்பாலோர் கேள்விப்பட்டதேயில்லை. வயது 21 முதல் 32 வரை, பி.சி., எஸ்.சி. பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. முதல்நிலை 400 மதிப்பெண், அதில் 300 பாடத்திலிருந்தே. முதன்மைத் தேர்வு 200 வீதம் மூன்று தாள், நேர்காணல் 200. தேறினால் நிலவியல் ஆய்வுத் துறையில் மத்திய அரசின் குரூப் ஏ அதிகாரி, அடிப்படைச் சம்பளம் மட்டும் 56,100-இல் தொடங்கும். அதே தேர்வில் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள், ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராத மாவட்டத்தில் அந்த வேலையின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இடங்கள் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 தேர்வுக்கு 285 இடம், அடுத்த வருடம் 56, இப்படி ஏறி இறங்கும். அதனால் கேட் (GATE) தேர்வும் எழுத வேண்டும், ஓ.என்.ஜி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அதன் வழியே எடுப்பதுண்டு, நம் டி.என்.பி.எஸ்.சி.யும் உதவி ஜியாலஜிஸ்ட் பணிக்குத் தேர்வு வைக்கிறது. யு.பி.எஸ்.சி. தாள் ஆங்கிலத்தில்தான், தமிழ்வழியில் படித்த பெண் முதல் செமஸ்டரிலிருந்தே ஆங்கிலத்தில் விடை எழுதிப் பழகவில்லையென்றால் கடைசியில் அழ வேண்டியிருக்கும்.

"பொம்பளப் பிள்ளை காடுமேடு சுத்தறதா, யார் கட்டிக்குவா" என்று அத்தை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சுதீப்தா சென்குப்தா 1983-இல் அண்டார்டிகாவுக்கே போய்ப் பாறை ஆராய்ந்துவிட்டு வந்தவர், 1991-இல் அறிவியலுக்கான பட்நாகர் விருது வாங்கியவர். நிலத்தடிச் சுரங்கத்துக்குள் பெண்கள் வேலைக்குப் போகச் சட்டத் தடை இருந்தது, 2019-இல் அதையும் தளர்த்தினார்கள்: தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில், காலை 6 முதல் மாலை 7 வரை, எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு, குறைந்தது மூன்று பெண்களாக. ஃபீல்டு சீசனில் மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருக்க வேண்டிவரும் என்பது உண்மைதான், அது அவள் யோசிக்க வேண்டிய விஷயம். அத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை.

நான் சொன்னேன் என்பதற்காகவும் ஜியாலஜியில் தள்ளிவிடாதீர்கள். ஒரு நாள் காலையிலேயே காரைக்குக் கிளம்புங்கள், நீங்களும் கூடப் போங்கள். எதையும் தோண்டி எடுக்க வேண்டாம், ஒரு நோட்டும் தண்ணீர்ப் பாட்டிலும் போதும். எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்று வெயிலில் நின்று அவளே வரையட்டும். மதியத்துக்குள் "போலாம்மா" என்றால் வேறு படிப்பைப் பற்றி என்னோடு பேசுங்கள். நீங்கள் இழுத்தும் வராமல் நின்றால் அன்றைக்கே அரசுக் கலைக் கல்லூரிகளின் இணைய விண்ணப்பத்தில் சேலத்தையும் மாநிலக் கல்லூரியையும் போட்டுவிடுங்கள், தேசியக் கல்லூரிக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். பெரியப்பா கேட்கிற முன்பணத்தை அதுவரை கட்டாதீர்கள், கட்டினால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அவர் வீட்டுக்கு வந்து பேசும்போது மகளை அடுக்களைக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே உட்கார வையுங்கள், 12 லட்சத்துக்கான தவணைக் கணக்கை அவளே போட்டுக் காட்டட்டும்.