சாட்சி சொல்ல மறுத்தால் நன்றி மறந்தவளா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

கணவர் எய்ட்ஸ் நோயால் இறந்தபோதுதான் எனக்கும் மகனுக்கும் எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. உறவினர்கள் விலகிய அந்த நாட்களில், எங்கள் கிராமத்துக்கு வந்துபோகும் கிறிஸ்தவ ஊழியக் குழுவினர்தான் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளைத் தரும், தொலைவிலிருந்த ஏ.ஆர்.டி. மையத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். மகனின் படிப்புச் செலவையும் ஏற்றார்கள். இப்போது பல ஊர் மக்கள் கூடும் ஜெபக்கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டும், அதாவது என் நோயையும் கர்த்தர் செய்த நன்மையையும் மேடையில் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்கிறார்கள். 11 வயது மகனோ, தான் விழுங்குவது சத்து மாத்திரை என்று நம்புகிறான். மறுத்தால் அவர்களுக்கும் கர்த்தருக்கும் நன்றி மறந்தவளாகிவிடுவேனோ?

– ஒரு தாய்

அன்புச் சகோதரி,

இப்போது சாட்சி சொல்ல வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நீங்கள் மேடையேறினால் உங்கள் நிலையோடு மகனின் நிலையையும் ஊர் ஊகித்துவிடும். அதை அவன் வகுப்புத் தோழன் ஒருவனிடமிருந்து கேட்க நேர்ந்தால், தொற்றைவிடத் தாய் மறைத்தாள் என்பதே அவனை ஆழமாகக் காயப்படுத்தக்கூடும்.

ஆகவே முதலில் அறிய வேண்டியவன் அவன். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தொற்று நிலையைச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது. உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அதை அடக்கி வைக்கிறது, சேர்ந்து உண்பதாலும் விளையாடுவதாலும் அது யாருக்கும் பரவாது, இதில் உன் தவறு எதுவும் இல்லை என்று தொடங்குங்கள். கிருமியின் பெயரை அவன் கேள்விகளைப் பொறுத்துச் சொல்லலாம். ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரை உடன் வைத்துக்கொள்வது நல்லது. அவன் கோபப்படலாம், பல நாள் பேசாமலும் இருக்கலாம். அப்போதும் மாத்திரை வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றியைப் பற்றிக் கேட்டீர்கள். மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இயேசு தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கியபின், இதை ஒருவருக்கும் சொல்லாதே என்றுதான் கண்டிப்பாகக் கூறி அனுப்புகிறார். உதவி பெற்றவர் தம் அந்தரங்கத்தை விலையாகத் தர வேண்டும் என்று வேதம் எங்கும் கேட்கவில்லை. அந்தக் குழுவினர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார்கள். ஆயினும் கிராமத்தில் ஒரு பெயர் வெளிப்பட்டால் அதைத் திரும்ப மறைக்க இயலாது என்பதை அவர்கள் உணர வேண்டும். நீங்கள் நம்பும் சகோதரி ஒருவரிடம் தனியாகப் பேசி, பிறர் ஜெபிப்பதற்காகப் பகிரும் ஜெபக்குறிப்புகளிலும் உங்கள் பெயர் வேண்டாம் என்று கேளுங்கள். மறுத்தால் உதவி நின்றுவிடும் என்று யாரேனும் உணர்த்தினால் எனக்கு உடனே எழுதுங்கள். படிப்புச் செலவுக்கு வேறு வழி தேடலாம், மாத்திரையோ மையத்திலிருந்து தொடர்ந்து வரும்.