தாயிடமிருந்து சேய்க்கு வரும் எச்.ஐ.வி.: வைரஸ் வேறுபாடும் மருந்து எதிர்ப்பும் (கேள்வி பதில்)

கேள்வி (மருத்துவ மாணவி): தாயின் உடலில் எண்ணற்ற மாறுபட்ட வைரஸ்கள் இருக்க, குழந்தையிடம் மட்டும் முதல் வாரங்களில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றனவே, ஏன்?

பதில்: தாயின் உடலில் பலவகை வைரஸ்கள் இருந்தாலும், குழந்தைக்குள் காலூன்றுவது பெரும்பாலும் ஒன்றோ சிலவோதான். குழந்தையின் வைரஸ் கூட்டம் முழுவதும் அந்த ஒன்றின் அல்லது சிலவற்றின் வாரிசு. அதற்குப் பிறகு வேறுபாடு வேகமாகப் பெருகும். ஏனென்றால் ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட வைரஸின் மரபணுவைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் கிடையாது.

மருந்து எதிர்ப்பைப் (மரபணு மாறிய வைரஸுக்கு மருந்து பலிக்காமல் போவது) பொறுத்தவரை இதில்தான் விஷயமே இருக்கிறது. தாய் ஒரு மருந்தை நிறுத்தினால், ஒளிந்திருக்கும் பழைய, மாறாத வைரஸ் மேலெழுந்து எதிர்ப்பு வைரஸை ஓரங்கட்டிவிடும். குழந்தைக்குள் நுழைந்த முதல் வைரஸே எதிர்ப்புள்ளதாக இருந்தால் மேலெழ அங்கே பழையது எதுவும் இல்லை. நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்தை முறியடிக்கும் கே103என் போன்ற மரபணு மாற்றம் வைரஸின் பெருக்கத்தை அதிகம் பாதிக்காது. ஆகவே ஆண்டுக்கணக்கில் தங்கும். லாமிவுடின் என்ற மருந்தை முறியடிக்கும் எம்184வி மாற்றம் வைரஸைப் பலவீனப்படுத்துவதால், அம்மருந்து இல்லாதபோது விரைவில் மங்கும்.

கேள்வி (ஆலோசகர்): எதிர்ப்பு தாயிடமிருந்து வருகிறதா, குழந்தைக்குக் கொடுக்கும் தடுப்பு மருந்தால் வருகிறதா?

பதில்: இரண்டு வழியிலும் வரும். கருவிலேயே தொற்று ஏற்பட்டுவிட்ட குழந்தைக்கு நெவிரபின் சிரப் மட்டும் கொடுத்தால், பெருகிக்கொண்டிருக்கும் வைரஸை ஒற்றை மருந்தால் எதிர்கொள்கிறோம். நெவிரபினை முறியடிக்க ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். அம்மருந்து ரத்தத்தில் நெடுநாள் தங்கி மெல்ல மெல்லக் குறைவதால், அந்த மாறிய வைரஸுக்கு வளரக் கால அவகாசமும் கிடைக்கிறது. உகாண்டாவில் நடந்து 1999இல் முடிவு வெளியான ஆய்வில் தாய்க்கு 200 மி.கி., குழந்தைக்குக் கிலோவுக்கு 2 மி.கி. என ஒரே ஒரு வேளைதான் கொடுத்தார்கள். தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால் தாய்மாரிடம் கே103என், தொற்றிய குழந்தைகளிடம் ஒய்181சி என்ற எதிர்ப்பு மாற்றங்கள் அதிகம் தென்பட்டன.

மூன்றாவது வழி தாய்ப்பால். தாய் உண்ணும் சில மருந்துகள் பாலில் சிறிதளவு கசியும். அந்த அளவு வைரஸை அடக்காது, எதிர்ப்புள்ளதைத் தேர்ந்தெடுத்துவிடும். அதனால் குழந்தையின் பதிவேட்டில் முதல் வரியாகத் தாயின் மருந்து வரலாற்றை எழுதுங்கள்: என்னென்ன மருந்து, எப்போதிலிருந்து, எத்தனை முறை விட்டுப்போனது, கடைசி வைரஸ் அளவு எவ்வளவு.

கேள்வி (செவிலியர்): மூன்று மாதக் குழந்தைக்கு எதிரணுப் (ஆன்டிபாடி) பரிசோதனை பாசிட்டிவ். தொற்று உறுதியா?

பதில்: இல்லை. அது தாயின் எதிரணுவாக இருக்கலாம். 18 மாதம் வரை அந்தச் சோதனை தொற்றை உறுதிசெய்யாது. 4–6 வாரத்தில் வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனை தேவை. அதற்கு உலர் ரத்தத் துளி எடுக்கும்போது மாதிரி அட்டையின் ஒவ்வொரு வட்டமும் ஒரே துளியால் நிறைய வேண்டும். துளிமேல் துளி வைப்பதும், ஈரம் காயுமுன் உறையிலிடுவதும்தான் மாதிரிகள் நிராகரிக்கப்படுவதற்கு வழக்கமான காரணங்கள். பாசிட்டிவ் என்றால் உறுதிப்படுத்த இரண்டாவது மாதிரி எடுத்துவிட்டு, அதன் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குங்கள். தாய்ப்பால் தொடரும் குழந்தைக்கு நெகட்டிவ் வந்தாலும் அது இறுதி முடிவல்ல.

கேள்வி (ஆய்வக நுட்பர்): எதிர்ப்புச் சோதனையில் சில மாதிரிகள் பெருக்கமே அடைவதில்லை. துணை வகை காரணமா?

பதில்: இருக்கலாம். எச்.ஐ.வி.யில் பி, சி எனத் துணை வகைகள் உண்டு. பி-யை வைத்து வடிவமைத்த பிரைமர் (மரபணுப் படியெடுப்பைத் தொடங்கும் சிறு துண்டு) சி-யில் சரியாகப் பொருந்தாமல் போவதுண்டு. ஆனால் முதலில் வைரஸ் அளவைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 1,000 பிரதிக்குக் கீழே பல முறைகள் தோற்கும். மரபணு எழுத்துகளைப் படிக்கும் சாங்கர் முறை, மொத்தத்தில் சுமார் 20 சதவீதத்துக்குக் குறைவான வைரஸ் கூட்டத்தைக் காணாது. மருந்தை நிறுத்தினால் பழைய வைரஸ் மேலெழுந்துவிடும் என்பதால், பல வாரம் கழித்து எடுத்த மாதிரியில் 'எதிர்ப்பு இல்லை' என்று வந்தால் அதை நம்பி மருந்து தேர்ந்தெடுக்காதீர்கள்.

எந்த எதிர்ப்பு மாற்றம் எளிதில் எழும் என்பதையும் துணை வகை மாற்றும். சி வகையில் 106ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறினாலே வி106எம் என்ற எதிர்ப்பு மாற்றம் உருவாகிவிடும். பி-யில் இரண்டு மாற வேண்டும். கே65ஆர் மாற்றமும் சி-யில் எளிதாக எழுகிறது.

கேள்வி (இளம் மருத்துவர்): எதிர்ப்புச் சோதனை முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

பதில்: கூடவே கூடாது. சிகிச்சையில்லாத குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த செர் ஆய்வில் உடனே தொடங்கியதால் மரணம் 76 சதவீதம் குறைந்தது. 4 வாரமும் 3 கிலோவும் ஆனதும் டோலுடெக்ராவிருடன் அபகாவிர், லாமிவுடின் என மூன்று மருந்துகளைக் கொடுங்கள். நெவிரபின் எதிர்ப்பு டோலுடெக்ராவிரைத் தொடாது.

டோலுடெக்ராவிரின் 10 மி.கி. கரையும் மாத்திரையில் தினம் ஒரு வேளை: 3–5.9 கிலோவுக்கு அரை, 6–9.9க்கு ஒன்றரை, 10–13.9க்கு இரண்டு, 14–19.9க்கு இரண்டரை. 6 கிலோவைத் தாண்டியதும் அளவு மூன்று மடங்காவதைக் கவனியுங்கள். எடை பார்க்காமல் பழைய சீட்டையே தொடர்ந்தால் குழந்தைக்கு மருந்து போதாது. அங்கிருந்துதான் புதிய எதிர்ப்பு பிறக்கும். சுத்தமான நீரில் கரைத்து 30 நிமிடத்துக்குள் கொடுங்கள். கோப்பையில் ஒட்டியிருப்பதையும் நீர்விட்டு அலசிக் கொடுக்க வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் உண்ணும் குழந்தைக்கு அதே டோலுடெக்ராவிர் அளவு இருவேளை.

கேள்வி (ஒரு தாய்): பிறந்ததிலிருந்து மருந்து கொடுக்கிறேன். 18 மாதத்தில் எதிரணுச் சோதனை நெகட்டிவ். நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. பி.சி.ஆர். இருமுறை தொற்றை உறுதிசெய்திருந்தால் இந்த நெகட்டிவ் குணமானதைக் காட்டுவதில்லை. மிகச் சீக்கிரம் மருந்து தொடங்கியதால் குழந்தையின் உடல் எதிரணு உருவாக்கும் அளவுக்கு வைரஸைப் பார்க்கவே இல்லை. ஆனால் வைரஸ் உறங்கும் செல்களில் ஒளிந்திருக்கிறது. மருந்து நின்றால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே திரும்பிவிடும்.