மதுரையிலிருந்து ஒரு நாள் நிதானமாகப் போய்வர திராட்சை ஊர் ஏதும் உண்டா?

வெளிநாட்டில் ஒயின் ஊர்களுக்குப் போகிறவர்கள் தோட்டத்தைப் பார்த்து, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அவசரமே இல்லாமல் திரும்புகிறார்கள். மதுரைப் பக்கம் அப்படி ஓர் இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, தேனி மாவட்டத்துக் கம்பம். ஆனால் ஒயினை வீட்டிலேயே மறந்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதில் ஒயினும் செய்யலாம்தான். ஆனால் நம் ஊரில் அது பெரும்பாலும் தின்பதற்கும் சாறு பிழிவதற்கும் போகிறது. கோப்பையில் ஊற்றி ருசி பார்க்கச் சொல்லும் கூடத்தை நம்பி இந்தப் பயணம் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று. கம்பம் என்றதும் சுருளி அருவி, மேகமலை, குமுளி, தேக்கடிப் படகு என்று ஐந்தாறு இடங்களை ஒரே நாளில் திணிப்பார்கள். அது சுற்றுலா அல்ல, தபால் பட்டுவாடா. ஒரு தோட்டம், ஒரு சாப்பாடு, ஒரு மணிமண்டபம் போதும். நானும் சித்தியும் போன தை மாதம் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு புதன்கிழமை அப்படித்தான் போனோம்.

விடிவதற்கு முன்பே ஆரப்பாளையம் பஸ் நிலையம் போய்விட்டோம். வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவு, கருப்பட்டி, சுக்கு சேர்த்துக் காய்ச்சியது, தேங்காய்ப்பூ தூவியது. ஒரு குவளை குடித்தால் உசிலம்பட்டி தாண்டும்வரை பசிக்காது. ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறி இறங்கியதும் காற்றே மாறிவிடும். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று போகப் போக வயலும் தென்னையும் வாழையும் கூடவே வரும். கம்பம் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கம்பத்தில் இறங்கி, சுருளி அருவிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, அருவி வரை போகாமல் சுருளிப்பட்டியில் இறங்கிக்கொண்டோம். சாலையோரத் தோட்டம் ஒன்றில் சித்தி வாசலில் நின்று, "உள்ளே வந்து பார்க்கலாமா தம்பி?" என்று கேட்டார். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் நுழைந்தால் நாய் கேட்கும்.

பந்தலுக்கு அடியில் போய் நின்றுதான் பார்க்க வேண்டும். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துக் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்க, உள்ளே ஈர மண்ணின் குளிர்ச்சி. குலைகள் சரியாக நம் நெற்றி உயரத்தில் தொங்குகின்றன. குனிந்தே நடக்க வேண்டும். ஒரே குலையில் பச்சை, செம்பு, கருநீலம் மூன்றும் இருந்தன. பழுத்த பழத்தின் மேல் திருநீறு பூசியது போல ஒரு மெல்லிய வெள்ளை. சித்தி தடவிப் பார்க்கக் கை நீட்டியதும், "அக்கா, காம்பைப் பிடியுங்கள். பழத்தில் விரல் பட்டால் அந்தப் பூச்சு போய்விடும், வியாபாரி பழைய பழம் என்பான்" என்றார் தோட்டக்காரர். கத்தரியால் ஒரு குலையை நறுக்கி, தொட்டி நீரில் அலசிக் கொடுத்தார். மருந்து அடித்திருப்பார்கள், கழுவாமல் வாயில் போடாதீர்கள். தோல் பிதுங்கி விலகியதும் முதலில் இனிப்பு, பின்னால் ஒரு புளிப்பு, தோலை மென்றால் துவர்ப்பு, கொட்டையும் உண்டு. கொட்டையில்லாத பச்சைத் திராட்சையே தின்று பழகியவர்களுக்கு இது முரட்டுப் பழமாகத் தோன்றும். எனக்கு இதுதான் திராட்சை.

கம்பத்தில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறதே, எப்படி என்று கேட்டேன். கவாத்து செய்ததிலிருந்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிட்டதிலிருந்து, ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. ஒருவர் இந்த மாதம் கவாத்து வெட்டினால் பக்கத்துத் தோட்டக்காரர் அடுத்த மாதம் வெட்டுவார். "எல்லோரும் ஒரே நாளில் கவாத்து செய்தால் விலை மண்ணைக் கவ்விவிடும்" என்றார். அவருக்குப் பயம் மழையைப் பற்றித்தான். பழுக்கிற நேரத்தில் பெய்தால் பழம் வெடித்துவிடும். 2023இல் இந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே என்றேன். "மழைக்கு அதெல்லாம் தெரியாதே" என்று சிரித்தார்.

மதியம் கம்பத்தில் ஒரு மெஸ்ஸில் வாழையிலைச் சாப்பாடு. நாட்டுக்கோழிக் குழம்பு நல்ல காரம், ரசம் அதைவிட நன்றாக இருந்தது. சித்தி மூன்று முறை ரசம் வாங்கினார். அவர் வேறு யாருடைய ரசத்தையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

பிறகு குமுளி பஸ்ஸில் ஏறி, கூடலூர் தாண்டி லோயர் கேம்ப். பென்னிகுவிக் மணிமண்டபம் அங்கேதான். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது அந்தத் திட்டம். மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்தால், காலையில் மிதித்த ஈர மண்ணுக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும் அதே தண்ணீர்தான். பிறகு வைகையில் சேர்ந்து மதுரைக் குழாய்வரை வருகிறது. அந்தப் பக்கத்துக் கடைகளில் சாமி படங்களோடு பென்னிகுவிக் படமும் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

மண்டபத்தின் வாசல் நிழலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அது திட்டத்தில் இருந்ததுதான்.

நாங்கள் செய்த தவறு ஒன்றே ஒன்று. தோட்டத்தில் அட்டைப்பெட்டி தருகிறேன் என்றவரிடம், வேண்டாம் தம்பி என்று சொல்லி நான்கு கிலோ பழத்தைச் சித்தி துணிப்பையில் வாங்கிக்கொண்டார். பன்னீர் திராட்சைக்கு அழுத்தம் ஆகாது. திரும்பும் பஸ்ஸில் கூட்டம், பை சித்தியின் மடியில். ஆண்டிபட்டி வருவதற்குள் சுங்குடிச் சேலையில் ஊதா நிறத்தில் புதுப் புள்ளிகள். "வேண்டாம் என்று சொன்னது யார்?" என்று கேட்க வாயெடுத்தேன், முகத்தைப் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் பெட்டியிலேயே வாங்குங்கள், அடியில் செய்தித்தாள் விரிக்கச் சொல்லுங்கள்.

ஒன்பது மணிக்கு மதுரை. வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிவிட்டு வரலாம் என்றேன். "இட்லி ஆறிப்போகும்" என்று சொல்லிவிட்டு, கறைச் சேலையோடு தெருவோர இட்லிக் கடையை நோக்கிச் சித்தி முன்னால் நடந்தார்.