அரை பேண்ட் மதிப்பெண்ணுக்கு ஒன்றரை லட்சமா? தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள்!

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, குன்னூரில் ஒரு மருத்துவமனையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். பிரிட்டன் போவதற்காக ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதினாள். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7. ரைட்டிங்கில் மட்டும் 6. தேர்வு எழுதி மூன்று வாரம் ஆகிறது. 'ஒன்றரை லட்சம் கட்டுங்கள், கோவையில் தங்கவைத்து 7 வாங்கித் தருகிறோம்' என்கிறார் ஒரு ஏஜென்ட். பாஸ்போர்ட்டையும் கேட்கிறார். தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: வைக்க வேண்டாம் அம்மா. முதலில் ஒரு விஷயம்: உங்கள் மகளுக்கு ரைட்டிங்கில் 7 தேவையே இல்லை. அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் கேட்பது மற்ற மூன்றில் 7, ரைட்டிங்கில் 6.5. குறைவது அரை பேண்டுதான். இதுகூடச் சொல்லாத ஆளிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அடுத்து ஒரு சலுகை. நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட அந்தக் கவுன்சில் அனுமதிக்கிறது. இரண்டும் ஒரே வகைத் தேர்வாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு பகுதிகளையும் எழுதியிருக்க வேண்டும். இரண்டு தேர்விலுமே ரைட்டிங் 6-க்கும், மற்ற மூன்றும் 6.5-க்கும் கீழே போகக் கூடாது. உங்கள் மகளின் முதல் தேர்வு இந்த வரம்புக்குள் இருக்கிறது. ஆகவே அடுத்த தேர்வில் ரைட்டிங் 6.5 வந்து, மற்றவை 6.5-க்குச் சறுக்கினாலும் போதும். பழைய மூன்று 7-களும் கைகொடுக்கும். ஆனால் லிசனிங் 6 ஆகிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. எனவே ரைட்டிங்கிலேயே மூழ்கி மற்றதை விட்டுவிடக் கூடாது. ஒரு நர்ஸின் ஒரு வருடத்தைத் தீர்மானிக்கும் விதி இது. மதிப்பெண் தாளோடு சேர்த்து ஒரு வரி அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாத குடும்பங்களைத்தான் ஏஜென்ட்டுகள் வளைத்துப் போடுகிறார்கள்.

மறுமதிப்பீடும் கேட்கலாம். தேர்வு நாளிலிருந்து 6 வாரம்தான் அவகாசம். உங்களுக்குப் பாதி போய்விட்டது. மதிப்பெண் மாறினால் கட்டிய கட்டணம் திரும்பி வரும், மாறாவிட்டால் போனதுதான். ரைட்டிங் ஒன்று மட்டும் தனியாகக் குறைந்திருக்கும்போது கேட்டுப் பார்ப்பது நியாயம்.

இப்போது அந்த ஏஜென்ட். மதிப்பெண்ணை யாராலும் 'வாங்கித் தர' முடியாது. கவுன்சில் காகிதத்தை நம்புவதில்லை. தேர்வு அமைப்பின் பதிவிலேயே நேரடியாகச் சரிபார்க்கும். போலி என்று தெரிந்தால் விண்ணப்பம் போவதோடு, பிறகு நேர்மையாக எழுதி ஜெயித்தாலும் அந்தக் கறை கூடவே வரும். 'லீக் ஆன கேள்வி' என்பதும் இதே ஏமாற்றுதான். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது இமெயிலும் போன் நம்பரும் மகளுடையதாகவே இருக்கட்டும். ஏஜென்ட் தன்னுடையதைக் கொடுத்துவிட்டால் முடிவு அவர் கைக்குப் போகும். மிச்சப் பணத்தைக் கட்டும்வரை உங்கள் கண்ணில் காட்ட மாட்டார். இந்தியாவில் தேர்வறைக்குள் போகப் பாஸ்போர்ட்தான் அடையாள ஆவணம். அதைக் கொடுத்துவிட்டால் குடுமி அவர் கையில். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட்டே வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். வெறும் அரை பேண்டுக்கு ஒன்றரை லட்சமா?

சரி, 6 ஏன் வந்தது? மற்ற மூன்றில் 7 எடுத்தவருக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. நர்ஸ்களிடம் அடிக்கடி காணும் கோளாறு, நர்சஸ் நோட்ஸ், அதாவது வார்டில் நோயாளியைப் பற்றிச் சுருக்கமாக எழுதும் குறிப்பு, எழுதிப் பழகிய கை. 'பேஷன்ட் ஸ்டேபிள், வைட்டல்ஸ் செக்ட், டாக்டர் இன்ஃபார்ம்ட்.' வார்டுக்கு இது போதும். தேர்வில் அதே கை 'வாஸ்', 'வேர்', 'தி' எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தமிழில் 'ஏ', 'தி' கிடையாது என்பதால் விடுபட்டதும் கண்ணில் படாது. 'பற்றிப் பேசினோம்' என்று மனதில் ஓடுவதால் 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின் தேவையில்லாத 'அபௌட்' வந்து ஒட்டிக்கொள்ளும். 'எக்விப்மென்ட்', 'அட்வைஸ்' இரண்டுக்கும் 'எஸ்' போட்டுப் பன்மையாக்குவதும் இதே வகை.

ட்யூட்டி முடிந்ததும் அன்று எழுதிய நோட்ஸில் பத்து வரியை முழு வாக்கியங்களாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் பெயரும் விவரமும் அதில் வேண்டாம். வாரம் மூன்று கட்டுரை, கடிகாரம் வைத்து 40 நிமிடம், 250 வார்த்தைக்குக் குறையாமல். முடித்ததும் ஒவ்வொரு வினைச்சொல்லையும் வட்டமிட்டுக் காலம் சரியா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒருமையா, பன்மையா, முன்னால் 'ஏ'யா, 'தி'யா என்று கேட்க வேண்டும். மறுநாள் அதே கட்டுரையைத் திருத்தி எழுத வேண்டும். ஆறு வாரத்தில் 18 கட்டுரை ஆகிவிடும். திருத்துவதற்கு நல்ல ஆங்கில ஆசிரியர் ஒருவர் போதும்.

ரைட்டிங்கில் இரண்டு கேள்விகள்: ஒரு வரைபடத்தை (கிராஃப்) விளக்குவது, ஒரு கட்டுரை. கட்டுரைக்கு, வரைபடக் கேள்வியைவிட இரண்டு மடங்கு மதிப்பு. 20 நிமிடத்தில் முடிக்க வேண்டிய வரைபடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கட்டுரையை முடிவுரை இல்லாமல் விடுகிறவர்கள் ஏராளம். வரைபடத்தில் எண்களை அடுக்கினால் மட்டும் போதாது. மொத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது என்று இரண்டு வரி இருந்தே ஆக வேண்டும். 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று தொடங்கும் மனப்பாட முன்னுரைகளை எத்தனை கோச்சிங் சென்டர் விற்றாலும் வாங்காதீர்கள். மதிப்பிடுபவர் அதைத் தினமும் பார்க்கிறவர்.

தேர்வு கோவையில் என்றால் முந்தைய நாளே மலையிறங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால், தாமதமாக வருபவரை உள்ளே விட மாட்டார்கள். பணத்தையும் அவ்வளவு எளிதில் திருப்பித் தர மாட்டார்கள்.