எல்லைப்புற வரலாறும் சூழலியல் வரலாறும் படிக்கப் பாலைவனத்துக்கே போக வேண்டுமா? ஆவணக் காப்பகம் போதாதா?

நீங்கள் எம்.ஏ. முடித்து ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள், வீட்டில் "அவ்வளவு தூரம் எதுக்கு?" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என் வீட்டிலும் அதேதான். நான் திசையன்விளைப் பக்கம். தேரி என்னும் செம்மணல் காட்டில் செருப்பில்லாமல் ஓடியவனுக்குப் பாலைவனம் என்ன பெரிசு என்ற திமிரோடுதான் தார் பாலைவனத்துக்குப் போனேன்.

அதற்கு முன் ராஜஸ்தானின் பிகானேர் ஆவணக் காப்பகத்தில் மூன்று மாதம் தூசி தின்றிருக்கிறேன். ஆவணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

அதே ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய முனாபாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எல்லையோரம் என்பதால் அனுமதி வாங்கவே இரண்டு வாரம் ஆனது. அங்கே எண்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பாட்டி. அவர் மார்வாரியில் சொல்வதைப் பேரன் இந்தியில் சொல்வான், நான் என் அரைகுறை இந்தியை வைத்து எழுதிக்கொள்வேன். "எல்லை எப்போது வந்தது?" என்று கேட்டேன். "ரயில் நின்ற வருஷம்" என்றார். அதாவது 1965. நான் பெரிய மேதாவியாக, "இல்லை பாட்டி, 1947" என்று திருத்தினேன். பேரன் அதை மொழிபெயர்க்கவே இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஏனென்றால் 47க்குப் பிறகும் முனாபாவிலிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் கோக்ராபார் வழியாக ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். சோடா ராஜபுத்திரர்கள் சொந்தக் குலத்துக்குள் மணம் முடிக்க மாட்டார்கள். அதனால் பாகிஸ்தானில் இருக்கும் உமர்கோட் பக்கத்துச் சோடா வீடுகள் சம்பந்தம் தேடி இந்தப் பக்கம்தான் வரவேண்டும். 65 போரோடு ரயில் நின்றது. 2006இல் அதே வழியில் தார் எக்ஸ்பிரஸ் என்று மறுபடி ரயில் விட்டார்கள், 2019இல் அதுவும் போயிற்று.

அதைவிடப் பெரிய விஷயம் மாடு. அந்தக் காலத்தில் மழை பொய்த்தால் மந்தையை மேற்கே, சிந்துப் பாசனப் பகுதிக்கு ஓட்டிப் போவார்கள். எல்லை அடைபட்டதும் கிழக்கேயும் தெற்கேயும் திரும்ப வேண்டியதாயிற்று. "பஞ்சம் முன்னாடியும்தான் வந்தது. அப்போ போக இடம் இருந்தது" என்றார் பாட்டி. நான் பார்த்த கோப்புகளில் பஞ்ச நிவாரணம் ஒரு கட்டு, ரயில் இன்னொரு கட்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று காப்பகத்தில் இருந்தவரை எனக்குத் தோன்றவே இல்லை.

"பாட்டிகிட்ட கதை கேட்டதெல்லாம் வரலாறா?" என்று ஒரு பேராசிரியர் பலர் முன்னால் கேட்டார். ஐயா, நான்கு ஊரில் முப்பது பேருக்கு மேல் கேட்டேன். ஆளுக்கொரு வருஷம் சொன்னார்கள். எல்லாமே எது நின்றது என்பதை வைத்துச் சொன்ன வருஷம்.

அப்புறம் மரம். அங்கே கேஜ்ரி என்று கும்பிடுவது நம் வன்னி. அதற்குப் பக்கத்திலேயே, பார்த்தால், நம்ம ஊர்ச் சீமைக்கருவேலம்! விலாயதி பபூல் என்கிறார்கள். 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் அதை ராஜ மரமாக அறிவித்து, அந்த மரத்தைக் காப்பாற்றும்படி மக்களிடம் சொன்னது. (அரசமரம் இல்லை, அரசாங்க மரம்.) கோப்பில் இதைப் படித்துச் சிரித்த நான், அதன் முள் ஏறி ஜீப் பஞ்சராகி நடுவழியில் நின்றபோது சிரிக்கவில்லை.

    

சரி, போவதாக இருந்தால் டிசம்பரில் போங்கள். ராத்திரி நடுக்கும், கம்பளி வேண்டும். மணல் புகாமல் இருக்க, கேமராவை பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி வையுங்கள்.